"நான்தான் வெட்டினேன்" என்று ஒப்புக்கொண்டால் கேஸ் முடிந்துவிடுமா?

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒரு கிராமத்துப் போலீஸ் சீரிஸைப் பார்த்து முடித்தோம். கண்மாய்க்கரையில் ஒரு பிணம், வாய் திறக்காத ஊர் ஜனங்கள், மேலிடத்து நெருக்கடி, தூக்கம் கெட்ட எஸ்.ஐ. என்று எல்லாம் இருந்தது. கடைசிக்கு முந்தின எபிசோடில், ஸ்டேஷன் பின்னறையில் வைத்து விசாரிக்கும்போது ஒருவன் உடைந்துபோய், "நான்தான் சார் வெட்டினேன்" என்று சொல்லிவிட்டான். அதற்கப்புறமும் கதை ஒரு மணி நேரம் ஓடியது. அத்தைக்குப் பொறுக்கவில்லை. "அவனே ஒத்துக்கிட்டானே, இன்னும் எதுக்குடா சாட்சி, கோர்ட்டு, வாய்தா?" என்று கேட்டார்.

கொலை விசாரணை பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் வந்து நிற்கும் கேள்வி இதுதான். இதற்குப் பதில் புரிந்துவிட்டால், இந்த வகைக் கதைகளில் போலீஸ்காரர்கள் ஏன் ஒரு துருப்பிடித்த அரிவாளைத் தேடி முள்ளுக்காட்டில் அலைகிறார்கள், அந்த நேரத்தில் கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ. ஏன் பேனாவும் பேப்பருமாகப் பக்கத்தில் நிற்கிறார் என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

விஷயம் இதுதான். ஒருவன் போலீஸ் அதிகாரியிடம் "நான் செய்தேன்" என்று ஒப்புக்கொண்டால், அதை அவனுக்கு எதிராகக் கோர்ட்டில் சாட்சியமாக வைக்க முடியாது. மிரட்டி வாங்கியதோ, மனசு உறுத்தி அவனாகவே சொன்னதோ, இரண்டுக்கும் ஒரே கதிதான். இன்ஸ்பெக்டர் கையால் எழுதி, அவன் கையெழுத்தும் வாங்கி, மூன்று பக்கத்துக்கு வைத்திருந்தாலும் செல்லாது. 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25, 26 பிரிவுகள் இதைச் சொல்லின. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாக்ஷ்ய அதினியம் வந்துவிட்டது. அங்கே இவை 23-ஆவது பிரிவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. எண்தான் மாறியது, விதி மாறவில்லை.

25 என்பது போலீஸ் அதிகாரியிடம் சொன்னது. 26 என்பது போலீஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடமாவது சொன்னது. அதாவது, ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தபடி, பார்க்க வந்த மாமனிடம் "ஆத்திரத்தில் செஞ்சிட்டேன் மாமா" என்று அழுதால், மாமன் போலீஸ் இல்லைதான், ஆனாலும் அது செல்லாது. காவலில் இருக்கும்போது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சொன்னால்தான் கணக்கு.

இவ்வளவு கறாரான விதி எங்கிருந்து வந்தது? இதில் நம் ஊருக்கு நேரடிப் பங்கு உண்டு. 1855-இல் சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளைப் பற்றி விசாரித்து மூன்று பேர் கொண்ட ஓர் ஆணையம் அறிக்கை கொடுத்தது. வரி வசூலுக்காகவும், குற்றத்தை ஒத்துக்கொள்ள வைப்பதற்காகவும் ஜனங்களை என்னென்ன செய்தார்கள் என்று அதில் பட்டியலே இருக்கிறது. விரல்களை இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவில் வைத்து நெரிப்பதற்குக் 'கிட்டி' என்று பெயர். இந்தத் தமிழ்ச் சொல் அப்படியே ஆங்கில எழுத்தில் அந்த அறிக்கையில் ஏறியிருக்கிறது. அந்தக் காலத்தில் வரி வசூலிப்பவரும் போலீஸ் வேலை பார்ப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். கிட்டிக்குள் விரலை வைத்தவன் எதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டான்?

அந்த அனுபவங்களுக்குப் பிறகு 1861-இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே, போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்று எழுதிவிட்டார்கள். 1872-இல் அது சாட்சியச் சட்டத்துக்கு நகர்ந்தது. கிட்டி போய்விட்டது, இந்த விதிக்கான தேவை போய்விடவில்லை என்பதை 2020-இல் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது நாடே பார்த்தது. சீரிஸில் ஹீரோ எஸ்.ஐ. பின்னறையில் ஒருவனை அடித்து உண்மையை வரவழைக்கும்போது நாம் கைதட்டுகிறோம். எனக்கு அந்த இடத்தில் கைதட்ட வரவில்லை. அடித்தால் உண்மை மட்டும்தான் வரும் என்று அந்தக் காட்சி நம்மை நம்ப வைக்கிறது. அடிக்கு வருவது உண்மை அல்ல, அடிப்பவருக்கு வேண்டியது.

சரி, அப்படியானால் போலீஸ் விசாரணையில் அவன் சொன்னது மொத்தமும் குப்பைக்கூடைக்கா? இல்லை. ஒரு சின்ன வாசலைச் சட்டம் திறந்து வைத்திருக்கிறது. பழைய 27-ஆவது பிரிவு அதுதான். இப்போது 23-ஆவது பிரிவின் கடைசியில் ஒரு விதிவிலக்காக இருக்கிறது. கோர்ட் வளாகங்களில் இன்றைக்கும் பலர் "27 ரெக்கவரி" என்றுதான் சொல்கிறார்கள்.

காவலில் இருப்பவன் சொன்ன தகவலால் ஒரு விஷயம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பேச்சை மட்டும் கோர்ட் ஏற்கும். காரணம் எளிமையானது. "நான் வெட்டினேன்" என்ற வார்த்தையை அடித்து வாங்கலாம். ஆனால் கருவேலங்காட்டுக்குள் எந்த மரத்தடியில் அரிவாள் புதைந்திருக்கிறது என்பதை, அது தெரியாத ஒருவனிடமிருந்து அடித்து வாங்க முடியாது. அவன் சொன்ன இடத்தில் பொருள் கிடைத்ததே அவன் சொன்னதற்கு உத்தரவாதம்.

ஒரு கற்பனைக் கேஸை எடுத்துக்கொள்வோம். கிணற்றடியில் வெட்டுப்பட்டு ஒருவர் கிடக்கிறார். சந்தேகப்பட்டு ஒருவனைப் பிடித்துக் கைது செய்கிறார்கள். அவன் இப்படிச் சொல்கிறான்: "வரப்புத் தகராறில் எனக்கும் அவருக்கும் பகை. அன்னைக்கு ராத்திரி கிணத்தடியில் வைத்து அரிவாளால் வெட்டினேன். அந்த அரிவாளை அய்யனார் கோயில் பின்னாடி கருவேல மரத்தடியில் புதைச்சு வச்சிருக்கேன். கூட்டிட்டுப் போனா எடுத்துத் தர்றேன்."

இதில் எவ்வளவு கோர்ட்டுக்குப் போகும்? வரப்புத் தகராறு போகாது. வெட்டினேன் என்பது போகாது. புதைத்து வைத்திருக்கும் இடமும், எடுத்துத் தருகிறேன் என்பதும் மட்டும்தான் போகும்.

இந்த எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது, அதுவும் சென்னையில். 1937-இல் ஆத்தப்ப கவுண்டன் என்பவரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு கொஞ்சம் தாராளமாகப் போனது. கிடைத்த பொருளைக் குற்றத்தோடு இணைக்கும் பேச்சையும் சேர்த்து ஏற்கலாம் என்றது. மேலே சொன்ன உதாரணத்தில், "அந்த அரிவாளால்தான் வெட்டினேன்" என்பதும் உள்ளே வந்துவிடும் என்று அர்த்தம். அப்படி விட்டால் 25-ஆவது பிரிவு இருந்து என்ன பயன்? ஒரு கத்தியை எடுத்துக் காட்டிவிட்டால் மொத்த ஒப்புதலும் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுமே.

அதே சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து, குண்டூர்ப் பக்கத்துக் கொலை வழக்கு ஒன்று அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குப் போனது. புலுக்குரி கோட்டய்யா வழக்கு என்று சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். 1946 டிசம்பரில் வந்த அந்தத் தீர்ப்பு ஆத்தப்ப கவுண்டன் வழக்கின் வழியைத் தவறு என்று ஒதுக்கிவிட்டது. அதில் வரும் விளக்கம் அருமையானது. ஒருவன் "என் வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்த கத்தியை எடுத்துத் தருகிறேன்" என்றால், அங்கே கண்டுபிடிக்கப்பட்டது கத்தி அல்ல. கத்தி என்ற பொருளை உலகம் என்றைக்கோ கண்டுபிடித்துவிட்டது. அங்கே புதிதாகத் தெரியவந்தது, அவனுடைய வீட்டில் ஒரு கத்தி ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதும், அது அவனுக்குத் தெரியும் என்பதும்தான். "இந்தக் கத்தியால்தான் இன்னாரைக் குத்தினேன்" என்று அவன் சேர்த்துச் சொன்னால், அந்த வார்த்தைகளுக்கும் கத்தி கிடைத்ததற்கும் சம்பந்தமில்லை. ஆகவே அவை வெட்டப்படும். 80 வருஷம் ஆகப்போகிறது, இன்றைக்கும் எந்த ஊர் அமர்வு நீதிமன்றத்திலும் இந்த அளவுகோல்தான்.

இதிலிருந்து முக்கியமான ஒன்று கிளம்புகிறது. அரிவாள் கிடைத்துவிட்டது என்பதால் கொலை நிரூபணம் ஆகிவிடாது. அவனுக்கு அந்த இடம் தெரியும், அவ்வளவுதான். அந்த அரிவாள்தான் கொலை ஆயுதம் என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். அதில் இருப்பது மனித ரத்தமா, இறந்தவரின் ரத்த வகையோடு ஒத்துப்போகிறதா என்று தடய அறிவியல் ஆய்வகம் சொல்ல வேண்டும். உடலில் இருக்கும் காயங்கள் இந்த மாதிரி ஆயுதத்தால் ஏற்பட்டிருக்க முடியுமா என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சொல்ல வேண்டும். சம்பவ இடத்தில் அவனைப் பார்த்த ஆள் இருந்தால், அவர் கூண்டில் ஏறிப் பிறழாமல் சொல்ல வேண்டும். அத்தை பொறுமையிழந்த அந்த ஒரு மணி நேரம் இதற்காகத்தான் ஓடியது.

இனி அந்தக் கருவேலங்காட்டுக் காட்சியை ஒரு தடவை கிட்டப் போய்ப் பார்ப்போம். விடியற்காலை. ஜீப் நிற்கிறது. கைதானவன் முன்னால் நடக்கிறான், பின்னால் இன்ஸ்பெக்டர், இரண்டு காவலர்கள், கூடவே வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும். அவன் ஒரு மரத்தடியைக் காட்டுகிறான், அவனே மண்ணைக் கிளறி எடுக்கிறான். அங்கேயே, அந்த இடத்திலேயே கைப்பற்றுதல் மகஜர், அதாவது எதை எங்கே எப்படி எடுத்தார்கள் என்ற பதிவை, எழுதுகிறார்கள். அரிவாள் எவ்வளவு நீளம், பிடி மரமா இரும்பா, எங்கே கறை இருக்கிறது, எத்தனை மணிக்கு எடுத்தது என்று எல்லாம் ஏறும். வி.ஏ.ஓ. சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார். அரிவாளைத் துணியில் சுற்றி, அரக்கு சீல் வைத்து, கோர்ட்டுக்கு அனுப்புகிறார்கள். இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், கைப்பற்றுவதை வீடியோவாகவும் பதிவு செய்ய வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நல்ல மாற்றம். நேர்மையாக வேலை பார்க்கும் போலீஸுக்கும் அது பாதுகாப்பு.

இங்கே வரிசை முக்கியம். முதலில் கைது, அப்புறம் வாக்குமூலம், அதற்குப் பிறகுதான் பொருள். வரிசை மாறினால் வாசல் மூடிவிடும். ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் முந்தின நாளே அரிவாளைப் பார்த்து ஸ்டேஷனில் சொல்லிவிட்டான் என்று வையுங்கள். மறுநாள் கைதானவனைக் கூட்டிப்போய் அதே அரிவாளை எடுக்க வைத்தால் அது கண்டுபிடிப்பே அல்ல. போலீஸுக்கு ஏற்கெனவே தெரிந்ததை இன்னொரு தடவை கண்டுபிடிக்க முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல்கள் குறுக்கு விசாரணையில் முதலில் தோண்டுவது இந்த இடத்தைத்தான். ஜீப் எத்தனை மணிக்குக் கிளம்பியது, வாக்குமூலம் எத்தனை மணிக்கு முடிந்தது, வி.ஏ.ஓ.வுக்கு யார் போன் பண்ணினார்கள், மகஜரை எழுதியது மரத்தடியிலா ஸ்டேஷன் மேஜையிலா என்று கேட்டுக்கொண்டே போவார்கள்.

"எல்லோரும் போய்வரும் பொது இடம்தானே, யார் வேண்டுமானாலும் அங்கே போட்டிருக்கலாமே" என்பது இன்னொரு வாதம். இதற்கு 1999-இல் இமாசலப் பிரதேச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இடம் பொது இடமா என்பது கேள்வி இல்லை, பொருள் மற்றவர் கண்ணில் சாதாரணமாகப் படும்படி இருந்ததா என்பதுதான் கேள்வி. கண்மாய்க்கரை பொது இடம்தான். ஆனால் அங்கே ஒரு முழ ஆழத்தில் புதைத்த அரிவாள், போகிறவர் வருகிறவர் கண்ணில் படாது.

இந்த விதி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 1963 ஆகஸ்டில், அப்போதைய பீகாரில், அக்னூ நகேசியா என்பவர் பால்கோட் போலீஸ் ஸ்டேஷனுக்கு அவராகவே நடந்து வந்தார். தன் உறவினர்கள் நான்கு பேரை அன்று காலையில் கொன்றதாகச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதி, அடியில் இடது கைப் பெருவிரல் ரேகையும் வாங்கினார்கள். அதுவே அந்த வழக்கின் எஃப்.ஐ.ஆர். அவர் காட்டிய இடங்களில் உடல்கள் கிடைத்தன. அவருடைய வீட்டிலிருந்து கோடரியும் கிடைத்தது. விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தது, உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

1965-இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. எஃப்.ஐ.ஆர். என்ற பெயரில் இருந்தாலும் அது போலீஸிடம் கொடுத்த ஒப்புதல்தான் என்றது. கொலைக்குக் காரணம் என்ன, எப்படித் தயாரானார், எந்த வழியாகப் போனார் என்று அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, "இது ஒப்புதல் இல்லை, இதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்" என்றும் சொல்ல முடியாது என்றது. ஒப்புதல் என்றால் அத்தனையும் சேர்ந்ததுதான் ஒப்புதல். கண்டுபிடிப்போடு ஒட்டிய பகுதியைத் தவிர மற்றதை நீக்கிவிட்டுப் பார்த்தால், மிச்சமிருக்கும் சாட்சியம் தண்டிக்கப் போதவில்லை.

இதைக் கேட்டால் யாருக்கும் முதலில் கோபம்தான் வரும். நான்கு உயிர் போயிருக்கிறது. எனக்கும் இந்த வழக்கைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. ஆனால் போலீஸ் எழுதிய பேப்பரை மட்டும் நம்பித் தூக்கு கொடுக்கலாம் என்று ஒரு வழக்கில் விட்டால், அடுத்த ஸ்டேஷனில் எழுதப்படும் பேப்பர் எப்படிப்பட்டதாக இருக்கும் என்பதையும் அந்த நீதிபதிகள் யோசிக்க வேண்டியிருந்தது. அக்னூ வழக்கில் ஸ்டேஷனில் இருந்தவர்களுக்கு எல்லாம் கையில் கிடைத்துவிட்டது என்ற நினைப்பு வந்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட வழக்குகளில்தான் மற்ற சாட்சியங்களைத் தேடும் கை தளர்ந்துவிடுகிறது.

தமிழ்நாட்டுக் கிராம வழக்குகளுக்கே உரிய ஒன்று பாக்கி இருக்கிறது. அதுதான் வி.ஏ.ஓ.விடம் சரணடைவது. "நான் இன்ன கிராமத்தில் வி.ஏ.ஓ.வாக இருக்கிறேன். இன்று காலை நான் அலுவலகத்தில் இருந்தபோது எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) வந்து, தான் கொலை செய்துவிட்டதாகவும், போலீஸுக்குப் பயந்து என்னிடம் சரணடைவதாகவும் சொன்னார்" என்ற மாதிரி வரும் சாட்சியத்தைக் கொலை வழக்குத் தீர்ப்புகளைப் படிக்கிறவர்கள் அடிக்கடி பார்ப்பார்கள். ஏன் வி.ஏ.ஓ.? அவர் போலீஸ் இல்லை. வந்தவன் அப்போது காவலிலும் இல்லை. ஆகவே 25, 26 இரண்டுமே தடுக்காது. அவரிடம் சொன்ன முழு ஒப்புதலும் கோர்ட்டுக்குள் போகலாம்.

1980 நவம்பர் வரை ஊரில் பரம்பரை முன்சீப்பும் (ஊர்த் தலைமை அதிகாரி) கர்ணமும் (ஊர்க் கணக்கர்) இருந்தார்கள். ஊரில் ஒரு குற்றம் நடந்தால் ஜனங்கள் முதலில் ஓடுவது முன்சீப் வீட்டு வாசலுக்குத்தான். எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்த பிறகு, அந்த இடத்துக்கு அரசு ஊழியராக வி.ஏ.ஓ. வந்தார். முன்சீப்பை மூன்று தலைமுறையாகத் தெரியும், அதனால் அவரிடம் போனான் என்பதை நம்பலாம். இடமாறுதலில் ஆறு மாதம் முன்னால் வந்த, முன்னே பின்னே தெரியாத ஒரு வி.ஏ.ஓ.விடம் ஒருவன் ஏன் போய்க் கொலையை ஒப்புக்கொள்ள வேண்டும்? கோர்ட்டுகள் இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. போலீஸ் காவலுக்கு வெளியே இப்படித் தனியாரிடம் சொல்லும் ஒப்புதல் பலவீனமான சாட்சியம், வேறு ஆதாரம் துணைக்கு வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் பல தடவை சொல்லியிருக்கிறது. உண்மையாகவே பயந்துபோய் வி.ஏ.ஓ.விடம் ஓடுகிறவர்களும் உண்டு. ஸ்டேஷனில் ஏற்கெனவே இருப்பவனுக்கு இப்படி ஒரு கதை கட்டப்படுவதும் உண்டு. எது எது என்று பிரிப்பதுதான் நீதிபதியின் வேலை.

மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்கும் ஒப்புதல் முழுக்க வேறு ரகம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 164, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183-ஆவது பிரிவு. அறையில் போலீஸ் இருக்கக்கூடாது. "நீ சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படும்" என்று மாஜிஸ்திரேட் முதலில் எச்சரிக்க வேண்டும். யோசிக்க அவகாசம் தர வேண்டும். பேச மறுத்தால் அவனைத் திரும்பப் போலீஸ் காவலுக்கு அனுப்பக்கூடாது. இதையெல்லாம் தாண்டி ஒருவன் வாய் திறந்தால் அதற்கு எடை உண்டு. ஸ்டேஷனில் மடமடவென்று சொன்னவன், மாஜிஸ்திரேட் எச்சரித்ததும் வாயை மூடிக்கொள்வதும் நடக்கிறதுதான்.

இதை இவ்வளவும் அத்தைக்குச் சொன்னபோது, "அப்போ அந்த மூணு பக்கம் எழுதினது?" என்று கேட்டார். அந்த மூன்று பக்கம் வழக்குக் கட்டில் பத்திரமாக இருக்கும். விசாரணை நாளில், அதை எழுதும்போது சாட்சியாகக் கையெழுத்துப் போட்ட வி.ஏ.ஓ. கூண்டில் ஏறுவார். ஏற்கத்தக்க பகுதி எது என்று பிரித்து, அதற்கு மட்டும் ஒரு சான்றாவண எண் கொடுப்பார்கள். வரப்புத் தகராறு, முந்தின வருஷத்துப் பகை, அன்றைய ராத்திரி, முதல் வெட்டு, இரண்டாவது வெட்டு எதுவும் அதில் வராது. "கொலைக்குப் பயன்படுத்திய" என்று அரிவாளுக்கு முன்னால் இருக்கும் இரண்டு வார்த்தைகூட வராது. நீதிபதிக்கு முன்னால் போவது இவ்வளவுதான்: "என்னை அழைத்துச் சென்றால் அய்யனார் கோயிலுக்குப் பின்புறம் கருவேல மரத்தடியில் மறைத்து வைத்துள்ள அரிவாளை எடுத்து ஆஜர்படுத்துகிறேன்."